தாளா? தராசா?

ஒரு தரம்! இரண்டு தரம்! மூன்று தரம்! சுத்தியல் விழுந்தது. நாள், 1873ஆம் ஆண்டு செப்டம்பர் 10. இடம், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த நியூயார்க் மில்ஸ் என்னும் சிற்றூர். விலை, 40,600 டாலர். விலைபோனது மாளிகையா? அல்ல. மணி மாலையா? அல்ல. மாடு! ஒரே ஒரு பசுமாடு!

அத்தனை டாலரைக் கொட்டச் செய்தது அந்தப் பசுவின் பால் அன்று. அதன் கன்றுகளின் எடை அன்று. இறைச்சியின் தரம் அன்று. கொட்டச் செய்தது பெயர்! ஜெனிவாவின் எட்டாம் டச்சஸ் என்பது அதன் பெயர். டச்சஸ் என்றால் கோமகள். கோமகள் வழிவந்த கோமகள், அவள் வழிவந்த கோமகள் என்று குலவரிசைத் தாளிலே எழுதியிருந்தது. அந்தத் தாளுக்குத்தான் தங்கம் கொட்டினர். ஏலம் முடிந்த எட்டாம் நாள், செப்டம்பர் 18இல், ஜே குக் வங்கி நொடித்தது. நாடே பொருளாதாரச் சரிவில் வீழ்ந்தது. வங்கிக்கு வந்த கேடு எட்டு நாளில் வெளிப்பட்டது. அந்தக் கோமகள் குலத்துக்கு வந்த கேடு வெளிப்படச் சில ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறோம்.

கலைப்பட்டம் பெற்று, கரும்பலகையருகே நின்று, வரலாறு சொல்லிக்கொடுக்கும் நமக்கு மாட்டுத் தொழுவத்தில் என்ன வேலை என்று கேட்பர் சிலர். உண்டு, வேலை உண்டு! ஏட்டில் எழுதியிருப்பதால் உண்மை, பெரியவர் சொன்னதால் பெருமை, பரம்பரையில் வந்ததால் பண்பு என்னும் பழைய நோய், மனிதரை மட்டும் பிடித்து ஆட்டவில்லை, மாட்டையும் பிடித்தது. மாட்டைப் பிடித்தபோது அந்த நோய் பேச்சோடு நிற்கவில்லை; கன்று செத்தது, காசு போனது, குடும்பம் கடனில் மூழ்கியது. ஆகவே மூடநம்பிக்கையின் விலை என்ன என்பதை எடைபோட்டுக் காட்ட, இறைச்சி மாட்டுப் பண்ணையைவிடத் தெளிவான இடம் வேறில்லை என்கிறோம்.

ஒரு குடும்பப் பண்ணையை எண்ணிப் பாருங்கள். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள். முப்பது பசுக்கள். ஒரு பொலிகாளை. பசு ஒன்று தவறாக அமைந்தால் கெடுவது ஆண்டுக்கு ஒரு கன்று. காளை தவறாக அமைந்தால்? முப்பது கன்றுக்கும் அதுவே தந்தை. ஒவ்வொரு கன்றின் மரபிலும் சரிபாதி அதன் பங்கு. மூன்றாண்டு கழித்து அந்தக் காளையை விற்றுவிடலாம். ஆனால் அதன் மகள்கள் கிடாரிகளாகி, பசுக்களாகி, இன்னும் பத்தாண்டு தொழுவத்திலே நிற்கும். ஒரு நாள் சந்தையிலே செய்த பிழையைப் பத்தாண்டு சுமக்க வேண்டும் அந்தக் குடும்பம். அப்படிப்பட்ட காளையை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? தாளையா? தராசையா? இதுதான் வழக்கு.

கொத்தனார் வீட்டுப் பசு

தூய இனம், தொன்மை இனம், கலப்பற்ற குருதி என்று மார்தட்டுவோரே, அந்தத் தூய்மை எங்கே தொடங்கிற்று என்று கேட்டதுண்டா?

ஷார்ட்ஹார்ன் எனப்படும் குறுங்கொம்பு இனம், இங்கிலாந்தின் வடகிழக்கில் உருவாயிற்று. அந்த இனத்தின் ஆதிமூலம் என்று போற்றப்படும் காளைக்கு ஹப்பேக் என்று பெயர். அதன் தாய் எந்தப் பிரபுவின் தொழுவத்தில் நின்றது? எந்தத் தொழுவத்திலும் இல்லை! ஹர்வொர்த் என்னும் ஊரிலிருந்த ஒரு கொத்தனாரின் பசு அது என்று அந்த இனத்தின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். சொந்த நிலம் இல்லாத கொத்தனார். பாதையோரப் புல்லை மேய்ந்த பசு. அதன் மகனைக் கண்டெடுத்து ஆண்டனர் கோலிங் சகோதரர்கள். அந்த வழியில் பின்னாளில் வந்த காளை காமெட். 1810ஆம் ஆண்டு சார்லஸ் கோலிங்கின் கெட்டன் பண்ணை ஏலத்தில் அது 1000 கினிக்கு விற்றது. பாதையோரத்துப் பசுவின் வழித்தோன்றலுக்கு ஆயிரம் கினி! கொத்தனார் வீட்டிலே தொடங்கிய பரம்பரைக்குப் பிறகு கோமகள் பட்டம் சூட்டியவர் யார்? மாடா? மனிதன்!

இந்தக் கலைக்கு வழிகாட்டியவர் ராபர்ட் பேக்வெல் (1725–1795). லெஸ்டர்ஷயரில் டிஷ்லி என்னும் ஊரில் குத்தகை நிலத்தில் பயிரிட்டவர். அந்நாளில் ஊர் மாடெல்லாம் ஒன்றாக மேயும். எந்தக் காளைக்கு எந்தக் கன்று என்று எவருக்கும் தெரியாது. பேக்வெல் ஆணையும் பெண்ணையும் பிரித்தார். விரும்பிய இணையை மட்டும் சேர்த்தார். அறுத்த விலங்கின் எலும்பையும் மூட்டையும் உப்பு நீரில் இட்டு வைத்து, தலைமுறைக்குத் தலைமுறை ஒப்பிட்டார். தம் கிடாக்களை விற்காமல் வாடகைக்கு விட்டு, பிறர் மந்தையில் அவை ஈன்ற குட்டிகளைக் கண்டு, எது நல்ல கிடா என்று தீர்ப்பளித்தார். பிள்ளையைப் பார்த்துத் தந்தையை மதிப்பிடுவது! எத்துணை எளிய உண்மை! எத்துணை பெரிய புரட்சி!

1822இல் ஜார்ஜ் கோட்ஸ் என்பவர் குறுங்கொம்பு மாடுகளின் குலவரிசையை அச்சிட்டார். மாட்டினத்துக்கு வந்த முதல் பதிவேடு அது. நோக்கம் நல்ல நோக்கம். இன்ன காளையின் கன்று என்று பொய் சொல்லி விற்பவனைத் தடுக்க வேண்டும். நெருங்கிய உறவில் தெரியாமல் இணை சேர்ப்பதைத் தவிர்க்க வேண்டும். கணக்குப் புத்தகமாகப் பிறந்தது அந்த ஏடு. கணக்குப் புத்தகமாகவே இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. அதனை வேதப்புத்தகமாக்கினர்! வந்தது வினை!

கோமகள் வீழ்ந்த கதை

தாமஸ் பேட்ஸ் என்பவர் 1810ஆம் ஆண்டின் அதே ஏலத்தில் டச்சஸ் என்னும் பசுவை வாங்கி, அதன் வழியைத் தம் பண்ணையில் வளர்த்தார். அவர் திறமைசாலி. எடை பார்த்தார், பால் பார்த்தார், தீவனக் கணக்கும் பார்த்தார். 1849இல் அவர் மறைந்தார். அவருக்குப் பின் வந்தோர் எதைப் பார்த்தனர்? பெயரைப் பார்த்தனர்! டச்சஸ் வழிக்கு வெளியே ஒரு துளிக் குருதியும் கலக்கக் கூடாது என்றனர். கோமகளுக்குக் கோமகள் வீட்டிலேதான் மாப்பிள்ளை என்றனர். உறவுக்குள் உறவு, அதற்குள்ளும் உறவு என்று சுருக்கினர்.

விளைவு? ஈற்று குறைந்தது. சினை நிற்கவில்லை. மலடு மலிந்தது. ஒரு பசுவுக்கு 40,600 டாலர் கொடுத்து வாங்கிய குலம், கன்று ஈனும் ஆற்றல் குன்றி, அருகி, அற்றுப்போயிற்று. தாளிலே குலம் தழைத்தது. தொழுவத்திலே தொட்டில் காலி!

அதே காலத்தில், ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில், சிட்டிட்டன் என்னும் பண்ணையில், ஏமஸ் குரூக்ஷாங்க் என்றொரு உழவர் இருந்தார். குவேக்கர் நெறியினர், அதிகம் பேசாதவர். குளிரும் காற்றும் மிகுந்த அந்த வட்டாரத்தில், வயலில் விளைந்த டர்னிப் கிழங்கையும் வைக்கோலையும் தின்று, விரைவில் சதைப்பற்று ஏறும் மாடுதான் உழவனுக்குச் சோறு போடும் என்று அறிந்தவர். அவருடைய மந்தையில் 1859இல் ஒரு காளைக்கன்று பிறந்தது. சாம்பியன் ஆஃப் இங்கிலாந்து என்று பெயரிட்டார். பெயர்தான் வெற்றிவீரன், காட்சியில் முதற்பரிசு கிட்டவில்லை. கழித்துவிடலாமா என்ற எண்ணமும் எழுந்தது. ஆயினும் உண்டதை உடலில் காட்டும் அதன் இயல்பைக் கண்டு நிறுத்தி வைத்தார். கன்றுகள் பிறந்தன, குட்டையான கால், அகன்ற முதுகு, அடர்ந்த சதை. அந்தக் கன்றுகளே சான்று! கோமகள் கூட்டம் குலைந்த பின்பு, உலகெங்கும் குறுங்கொம்பு இறைச்சி மாட்டுக்கு வழிகாட்டியது முதற்பரிசு பெறாத அந்தக் காளையின் வழிதான். தாள் தோற்றது, தராசு வென்றது.

நிறம் பார்த்த பேதைமை

நம் ஊர்ச் சந்தையிலே சுழி பார்ப்பார்கள். நெற்றியில் இந்தச் சுழி இருந்தால் குடிகெடும், முதுகில் அந்தச் சுழி இருந்தால் கொடிகட்டும் என்பார்கள். அமெரிக்கர் சுழி பார்க்கவில்லை, நிறம் பார்த்தனர்! பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், குறுங்கொம்பு மாடு சிவப்பாகத்தான் இருக்கவேண்டும் என்றொரு வெறி அங்கே கிளம்பிற்று. அந்த இனத்தில் சிவப்பும் உண்டு, வெள்ளையும் உண்டு, இரண்டும் கலந்ததும் உண்டு. சிறந்த காளை வெள்ளையாகப் பிறந்தால் விலக்கினர். சோடையான காளை சிவப்பாகப் பிறந்தால் சேர்த்தனர். தோலை உரித்த பின் இறைச்சியில் எந்த நிறம் தெரியும்? கேட்பார் இல்லை! சுழியைக் காட்டி விலை பேசுபவரும் நிறத்தைக் காட்டி விலை பேசுபவரும் ஒரே பள்ளியில் பயின்றவர்களே.

குள்ளக் கன்று

பத்தொன்பதாம் நூற்றாண்டோடு பைத்தியம் தெளிந்ததா? தெளியவில்லை. 1940களிலும் 1950களிலும் அமெரிக்காவில் ஹெர்போர்டு, ஆங்கஸ் முதலிய இறைச்சி இனங்களில் புதியதொரு மோகம் பிறந்தது. குட்டையான மாடு, தரையைத் தொடும் மார்பு, பெட்டி போன்ற உடல். நடுவர் நிமிர்ந்து நின்றால், காளை அவர் இடைவார் உயரத்துக்கு மேல் வரக்கூடாது! அத்தகைய மாட்டுக்கே முதற்பரிசு. முதற்பரிசு பெற்ற காளைக்கே மதிப்பு. மதிப்புப் பெற்ற காளையின் மக்களே மந்தைதோறும்.

பிறகு, தொழுவங்களில் விந்தையான கன்றுகள் பிறக்கலாயின. முகம் குறுகி, நெற்றி புடைத்து, வயிறு ஊதி, மூச்சு விடும்போதெல்லாம் குறட்டையொலி எழுப்பும் குள்ளக் கன்றுகள். வளர மாட்டா, வாழவும் மாட்டா. உழவன் திகைத்தான். தாள் தூய தாள், தந்தை பரிசுக் காளை, தாய் நற்குலம். கன்று மட்டும் ஏன் இப்படி?

மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட உண்மையைக் கரும்பலகையில் நான்கு கட்டம் வரைந்து பள்ளிகளில் காட்டுகிறோம் அல்லவா? அதே உண்மைதான் இங்கும். குள்ளத்தன்மை ஒடுங்கி நிற்கும் குறை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் கன்று குள்ளமாகும். ஒன்றை மட்டும் சுமக்கும் மாடு நோயின்றி நடமாடும். சுமக்கும் காளையும் சுமக்கும் பசுவும் கூடினால், நான்கு கன்றுக்கு ஒரு கன்று என்ற விகிதத்தில் குள்ளம் பிறக்கும். இதில் கொடுமை யாதெனில், ஒற்றைக் குறையைச் சுமக்கும் மாடு மற்றவற்றைவிடச் சற்றே குட்டையாகவும் கட்டையாகவும் தோன்றும் என்று அந்நாளைய ஆய்வாளர் கருதினர். அதாவது, எந்த அழகைக் கண்டு நடுவர் பரிசளித்தாரோ, அந்த அழகே நோயின் நிழல்! நோய்க்குப் பட்டுக் குஞ்சம் கட்டி, நாடெங்கும் ஊர்வலம் விட்டனர்!

அறியாமல் செய்த பிழை என்று விட்டுவிடலாம். அறிந்த பின் செய்தது என்ன? குள்ளக் கன்று பிறந்த செய்தி வெளியே தெரிந்தால் காளை விலைபோகாது. ஆகவே, பிறந்த கன்றை இரவோடு இரவாகக் கொன்று புதைத்தவர் பலர். பதிவேட்டில் எழுதாமல் விட்டவர் பலர். புதைத்தது கன்றை மட்டுமா? உண்மையைப் புதைத்தனர்! அந்த உண்மையை அறியாமல், அதே மந்தையிலிருந்து காளை வாங்கிய ஏழைக் குடும்பத்தின் வாழ்வையும் சேர்த்துப் புதைத்தனர். பெரிய பண்ணைக்காரர் ஒரு கன்றை மறைத்தால் அவர் மானம் தப்பிற்று. அவரிடம் வாங்கிய சிறிய உழவன் பத்துக் கன்றை இழந்தான். குலப்பெருமையைக் காக்கச் சொன்ன பொய்யின் கூலியைக் கட்டியவன், குலப்பெருமை பேசாதவன்!

மாற்று இல்லாமலா இருந்தது? இருந்தது. குறை சுமப்பவை என்று உறுதிப்பட்ட 16 பசுக்களோடு ஒரு காளையைச் சேர்த்துப் பார்த்தால் போதும். ஒரே ஒரு கன்று குள்ளமாகப் பிறந்தாலும் காளையின் மறைபொருள் வெளிப்படும். பதினாறும் நலமாகப் பிறந்தால், அந்தக் காளை குறை சுமந்தும் தப்பியிருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். முக்காலை முக்காலால் பதினாறு முறை பெருக்கிப் பார்க்கத் தெரிந்த பள்ளி மாணவன் கண்டுகொள்ளும் உண்மை இது. ஐம்பது தலைமுறைத் தாள் சொல்லாததை, பதினாறு கன்றுகள் சொல்லிவிடும்!

குள்ளத்தால் சுட்டுக்கொண்ட பிறகேனும் நடுவர் கூட்டம் திருந்திற்றா? எதிர்ப்பக்கம் ஓடிற்று! 1970களிலும் 1980களிலும் நெட்டை மாடே நல்ல மாடு என்றது. கால் நீண்டது, உடல் உயர்ந்தது, தீவனச் செலவும் உயர்ந்தது, கன்று பெரிதாகி ஈற்று கடினமாயிற்று. நேற்றுக் குட்டையை வணங்கியவர், இன்று நெட்டையை வணங்கினர். மாறியது சிலைதான், வணங்கும் வழக்கம் மாறவில்லை.

தராசு பேசட்டும்

சரி, தராசு என்ன சொல்லும்? ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு கன்று பிறந்தபோது 36 கிலோ. பால் மறக்கும் நாளில், 215ஆம் நாள், 251 கிலோ. இன்னொரு கன்று பிறந்தபோது 34 கிலோ. ஒரே நாளில் எடை போட்டதால் அதற்கு வயது 180 நாள்தான். எடை 232 கிலோ. கண்ணுக்கு முதற்கன்றே பெரிது. சந்தையில் அதற்கே மாலை. கணக்குப் போடுங்கள். முதற்கன்று நாளொன்றுக்கு 1 கிலோ வளர்ந்தது. இரண்டாவது 1.1 கிலோ வளர்ந்தது. இரண்டையும் 205 நாளுக்குச் சமப்படுத்தினால் முதற்கன்று 241 கிலோ, இரண்டாவது 259.5 கிலோ! சிறியதாகத் தெரிந்ததே சிறந்தது. தாயின் வயதுக்கும் ஒரு திருத்தம் உண்டு. தலையீற்றுப் பசுவுக்குப் பால் குறைவு என்பதால் அதன் கன்றுக்குச் சற்றே கூட்டிக் கணக்கிடுவர். 205 நாள் எடை என்று உலகெங்கும் இறைச்சி மாட்டுப் பண்ணைகளில் வழங்குவது இதுவே. இதற்கு வேண்டியவை ஒரு தராசு, ஒரு நாட்குறிப்பு, கன்றின் காதிலே ஓர் எண். அவ்வளவே!

இன்னொன்றும் வேண்டும்: நேர்மையான ஒப்பீடு. ஒரே பருவத்தில் பிறந்து, ஒரே மேய்ச்சலில் வளர்ந்த கன்றுகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடவேண்டும். தொழுவத்தில் கட்டித் தானியம் ஊட்டி வளர்த்த காளையையும், மேட்டுநிலத்தில் புல் மேய்ந்த காளையையும் அருகருகே நிறுத்தி, இது பெரிது, அது சிறிது என்று சொல்வது ஏமாற்று. ஊட்டியதால் வந்த உருவம் கன்றுக்குப் போகாது. மரபிலே உள்ளதுதான் போகும். தீவன மூட்டையின் திறமையைக் காளையின் திறமையென்று விற்பவரிடம் எச்சரிக்கையாயிருங்கள்!

எடை ஒன்றே போதுமா? போதாது. எடையை மட்டும் துரத்தினால் பிறப்பு எடையும் ஏறும். தலையீற்றுக் கிடாரி கன்றுபோட முடியாமல் துடிக்கும். வளரும் வேகமும் பிறப்பு எடையும் ஓரளவு நன்றாகவே மரபுவழி இறங்குபவை. பிறப்பு எடையில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு மரபால் வருவது. ஈனும் ஆற்றலோ நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவே மரபால் வரும். எஞ்சியது தீவனமும் பேணலும். ஆயினும் குடும்பத்தின் வயிற்றை நிரப்புவது அந்த ஈனும் ஆற்றல்தான். சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள். எனவே கன்றுபோட்ட எண்பது நாளைக்குள் மீண்டும் சினைபிடிக்கும் பசுதான் ஆண்டுக்கொரு கன்று தரும். தவறும் பசு, எத்துணை உயர்ந்த குலமாயினும், வெளியே போகவேண்டியதுதான். காலும் குளம்பும் உறுதியா, மடி ஒழுங்கா, குணம் சாதுவா, பிள்ளைகள் அருகே போக அஞ்சாமல் இருக்கலாமா, இவற்றையும் பார்க்கவேண்டும். காளையின் விதைப்பையையும் அளக்கவேண்டும். ஓராண்டு கடந்த இளங்காளைக்குச் சுற்றளவு 30 சென்டிமீட்டருக்குக் குறையாதிருத்தல் நலம்.

ஸ்காட்லாந்தில் கொம்பில்லாக் கறுப்பு மாடுகளைத் தேர்ந்து ஆங்கஸ் இனத்துக்கு அடிகோலிய ஹியூ வாட்சன் என்னும் உழவரிடம், ஓல்டு கிரானி என்றொரு பசு இருந்தது. பாட்டி என்பது பெயரின் பொருள். 35 ஆண்டு வாழ்ந்து 29 கன்று ஈன்றது என்று அந்த இனத்தின் வரலாறு கூறும். கோமகள் என்ற பட்டம் இல்லை. பாட்டி என்ற பெயர்தான்! கோமகள் குலம் மலடாயிற்று; பாட்டி குலம் உலகை நிறைத்தது!

மறுப்புக்கு மறுப்பு

அப்படியானால் குலவரிசையே வேண்டாமா, தூய இனமே வேண்டாமா என்று கேட்பர். நாம் அப்படிச் சொல்லவில்லை. தூய இனம் என்பது தெய்வத்தின் வரம் அன்று. பல தலைமுறை உழவர் ஒரே நோக்கோடு தேர்ந்ததன் திரட்சி. இந்தக் காளையின் கன்று ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதே அதன் பயன். அந்தப் பயனைக் காக்கப் பதிவேடு தேவை. ஆனால் அது உண்மையை எழுதும் பதிவேடாக இருக்கவேண்டும். பெற்றதையும் எழுதவேண்டும், இழந்ததையும் எழுதவேண்டும்.

அப்படிச் செய்ய முடியும் என்பதற்கும் சான்றுண்டு. 2008ஆம் ஆண்டு அமெரிக்க ஆங்கஸ் மாடுகளில், முதுகெலும்பு வளைந்து கால்கள் முடங்கிச் செத்துப் பிறக்கும் கன்றுகள் பற்றிய செய்தி வெளிவந்தது. மீண்டும் ஒரு புகழ்பெற்ற காளையின் வழி! மீண்டும் ஒடுங்கி நிற்கும் குறை! ஆனால் இம்முறை கன்றைப் புதைத்து வாயை மூடிக்கொள்ளவில்லை. ஆய்வாளர் சில மாதங்களிலேயே மரபணுச் சோதனையைக் கண்டனர். குறை சுமக்கும் மாடுகளின் பட்டியலை இனச்சங்கம் ஊரறிய வெளியிட்டது. பெரும்பொருள் போட்டவர்க்கு இழப்பு நேர்ந்தது உண்மை. ஆனால் குள்ளக் கன்று பல ஆண்டு செய்த அழிவை, வெளிச்சம் தடுத்து நிறுத்திற்று.

1934இல் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்து மைல்ஸ் சிட்டி ஆய்வுப்பண்ணையில், லைன் ஒன் என்னும் ஹெர்போர்டு வழியைத் தொடங்கினர். ஆண்டுதோறும் எடை, ஆண்டுதோறும் பதிவு. மாட்டின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் படித்தறிய 300க்கு மேற்பட்ட அறிவியலாளர் முனைந்தபோது, தேர்ந்தெடுத்தது இந்த வழியில் வந்த டாமினெட் என்னும் பசுவை! 2009இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அவளும் நெருங்கிய உறவில் பிறந்தவள்தான். ஆனால் அவளைத் தகுதியாக்கியது பட்டமன்று. மறைக்காமல் எழுதிய பல்லாண்டுக் கணக்கு.

சிறிய குடும்பத்துக்கு இதெல்லாம் ஆகுமா என்பது இன்னொரு கேள்வி. தராசு வாங்க வசதியில்லையா? நான்கு குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கலாம். காளையும் அப்படியே. இந்நாளில், இக்காளையின் மக்கள் இத்தனை கிலோ கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும் என்று இனச்சங்கங்களே கணித்து எண்களாக வெளியிடுகின்றன. நல்லது. ஆனால் தோழர்களே, எண்ணையும் வணங்கிவிடாதீர்! மகப்பேறு காணாத இளங்காளையின் எண் ஒரு மதிப்பீடு. நூறு கன்று கண்ட காளையின் எண் ஒரு சான்று. அருகே அச்சிட்டிருக்கும் உறுதியளவைப் பாராமல் எண்ணை மட்டும் பார்ப்பவர், பழைய தாள் வணக்கத்தைப் புதிய தாளுக்கு மாற்றிக்கொண்டவரே.

மாடும் மனிதனும்

இறுதியாக, ஒரு நஞ்சைப் பற்றி எச்சரிக்க வேண்டும். மாட்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் மனிதனையும் தேர்ந்தெடுக்கலாமே என்று கிளம்பியவர்கள் உண்டு. 1883இல் பிரான்சிஸ் கால்டன் அதற்கு யூஜெனிக்ஸ் என்று பெயரும் சூட்டினார். 1903இல் அமெரிக்காவில் தோன்றிய பயிர், கால்நடை இனவிருத்தியாளர் சங்கம் சில ஆண்டுகளிலேயே மனித இனத்துக்கும் ஒரு குழு அமைத்தது. 1920இல் கான்சாஸ் மாநிலப் பொருட்காட்சியிலே, மாட்டுக்குப் பரிசளித்த அதே திடலில், தகுதிமிக்க குடும்பம் எது என்று மனிதருக்கும் போட்டி வைத்தனர். அந்த எண்ணத்தின் வழியே பல மாநிலங்களில் ஏழைகளையும் நோயாளிகளையும் மலடாக்கும் சட்டங்கள் வந்தன. 1933இல் இட்லரின் ஜெர்மனியும் அத்தகைய சட்டம் இயற்றிற்று. அதன்பின் நடந்த கொடுமையை உலகம் அறியும்.

அவர்களைக் கேட்கிறோம்: மாட்டிலேயே பொய்த்துப்போன குலப்பெருமையா மனிதனிடம் பலிக்கும்? குட்டை அழகென்று குள்ளத்தைப் பெற்று, நெட்டை அழகென்று ஈற்றைக் கெடுத்த நடுவரா, மனிதனுக்கு நல்லது எது என்று தீர்ப்பளிப்பது? அதற்கும் மேலாக, மாட்டின் பயனை முடிவு செய்பவன் உழவன். தராசும் அவனுடையது, தொழுவமும் அவனுடையது. மனிதனின் பயனை முடிவு செய்ய இன்னொரு மனிதனுக்கு உரிமை கொடுத்தவர் யார்? மாட்டுக்கு அளவுகோல் உண்டு; ஏனெனில் நாம் அதனிடம் வேண்டுவது இறைச்சி. மனிதன் எவருடைய உணவுக்காகவும் பிறந்தவன் அல்லன்!

ஆகவே பகுத்தறியும் இளைஞரே, எவர் குலம் பேசினாலும் கேளுங்கள்: ஈன்றது எத்தனை? வளர்ந்தது எவ்வளவு? செத்தது எத்தனை? செத்ததைப் பதிவேட்டில் எழுதினீரா? இந்த நான்கு கேள்விக்கும் விடை சொல்லும் பண்ணையில் காளை வாங்குவீர். விடை சொல்லாமல் தாளை விரிப்பவரிடம், தாளை அவரிடமே மடித்துக் கொடுத்துவிட்டு, வீடு திரும்புவீர்!